பாரிஸின் சுரங்கங்களும் கூரைகளும்: இறங்கவும் ஏறவும் ஆசைப்படுவோர் கேட்கும் கேள்விகள்

தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் தவழ்ந்து போகும் வீடியோ ஒன்று. ஈபிள் கோபுரத்தின் இரும்புச் சட்டத்தில் கயிறுகூட இல்லாமல் ஏறும் வீடியோ இன்னொன்று. இவற்றைப் பார்த்துவிட்டு பாரிஸ் கிளம்புகிறவர்கள், அங்கே படிக்கும் மாணவர்கள், பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பக்கம் வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகள் என்று பலருக்கும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றுக்கான பதில்கள் கீழே. உள்ளே நுழைவது எப்படி, தெருவில் எந்த இரும்பு மூடி திறந்திருக்கும் என்பதெல்லாம் இங்கே கிடைக்காது. சட்டம் பற்றிச் சொல்லியிருப்பது பொதுவான தகவல். வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

பாரிஸுக்கு அடியில் உண்மையிலேயே அவ்வளவு சுரங்கம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அவை யாரும் நடந்து போவதற்காகத் தோண்டியவை அல்ல, பழைய கல்குவாரிகள். நோத்ர தாம் தேவாலயத்துக்கும் லூவ்ர் அரண்மனைக்கும் போன சுண்ணாம்புக்கல்லை ஊருக்கு அடியிலிருந்தே வெட்டி எடுத்தார்கள். நூற்றாண்டுக்கணக்கில் வெட்டிவிட்டு, குடைந்த இடத்தை அப்படியே போட்டுவிட்டு, மேலே வீடுகளைக் கட்டிக்கொண்டே போனார்கள். 1774 டிசம்பரில் நகரின் தெற்கே ஒரு தெருவில் நெடுந்தூரம் நிலம் உள்வாங்கியது. அதன்பிறகுதான் அரசாங்கத்துக்கு விழிப்பு வந்தது. 1777-இல் பதினாறாம் லூயி மன்னர் குவாரிகளைக் கண்காணிக்க ஒரு தனித் துறையை ஏற்படுத்தி, கியோமோ என்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தார். அந்தத் துறை இன்றும் மாநகராட்சியின் கீழ் வேலை செய்கிறது.

மொத்தம் சுமார் 300 கிலோமீட்டர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை அல்ல. திருட்டுத்தனமாக இறங்குபவர்கள் சுற்றுவது பெரும்பாலும் சேன் நதியின் தென்கரைக்கு அடியில் உள்ள பெரிய வலைப்பின்னலில். அவர்களை ஊரில் 'கத்தஃபில்' என்பார்கள். அவர்களைப் பிடிக்க இறங்கும் போலீஸ்காரர்களுக்கு 'கத்தஃபிளிக்' என்று பட்டப்பெயர்.

மண்டை ஓடுகள் அடுக்கி வைத்திருக்கும் இடமும் இதுவும் ஒன்றா?

ஒரே வலைப்பின்னலின் சின்னத் துண்டு அது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊருக்குள் இருந்த கல்லறைத் தோட்டங்கள் நிரம்பி வழிந்து, சுகாதாரக் கேடாகிவிட்டதால், எலும்புகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து குவாரிக்குள் போட்டார்கள். அறுபது லட்சம் பேருடையவை என்பது பொதுவாகச் சொல்லும் எண்ணிக்கை. டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பாதை ஏறக்குறைய 1.5 கிலோமீட்டர்தான். மற்றதெல்லாம் பூட்டிய பகுதி.

பூட்டிய பகுதிக்குள் போனால் என்ன தண்டனை?

1955 நவம்பர் 2 தேதியிட்ட ஆணை ஒன்று, அனுமதியில்லாமல் குவாரிகளில் நடமாடுவதைத் தடை செய்கிறது. பிடிபட்டால் அபராதம், பொதுவாகச் சொல்லப்படும் தொகை 60 யூரோ. பாரிஸில் இரண்டு பேர் சுமாரான ஓட்டலில் சாப்பிட்டால் ஆகும் காசு.

குழப்பம் ஆரம்பிப்பதே இங்கேதான். அபராதம் அவ்வளவுதான் என்றால் ஆபத்தும் அவ்வளவுதான் போலிருக்கிறது என்று பலர் மனக்கணக்குப் போடுகிறார்கள். அந்தத் தொகை, தடை செய்த இடத்தில் கால் வைத்ததற்கு மட்டும். அங்கே நீங்கள் செய்யும் மற்ற ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம் காத்திருக்கிறது. பூட்டை உடைத்தால், சுவரை இடித்தால், பொதுச் சொத்தைச் சேதப்படுத்திய குற்றம். சிறை வரை போகலாம். எலும்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால், பிணத்துக்கும் கல்லறைக்கும் இழைத்த அவமதிப்பு என்ற பிரிவு. அதிகபட்சம் ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும். 'நினைவுக்கு ஒரு சின்ன விரல் எலும்பு' என்று யோசிப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிப் போகும் பகுதியில் வெளியே வரும்போது பையைத் திறந்து பார்ப்பது அதனால்தான்.

பாந்தியோன் கடிகாரத்தைப் பழுதுபார்த்தவர்களை நீதிமன்றமே விட்டுவிட்டதே?

விட்டுவிட்டது. அழகான கதைதான், மறுப்பதற்கில்லை. 'உண்டர்குந்தர்' என்று தங்களை அழைத்துக்கொண்ட ஒரு குழு 2005-06 வாக்கில் பாந்தியோன் நினைவுக் கட்டடத்துக்குள் மாதக்கணக்கில் ரகசியமாக வந்து போய், ஓடாமல் கிடந்த 19-ஆம் நூற்றாண்டுக் கடிகாரத்தைச் சரிசெய்தது. முடித்துவிட்டு நிர்வாகத்திடம் போய்ச் சொன்னார்கள். நன்றி வரவில்லை, வழக்கு வந்தது. 2007-இல் விடுதலை ஆனார்கள்.

அந்தத் தீர்ப்பை உரிமச் சீட்டு மாதிரி தூக்கிக்கொண்டு திரிய முடியாது. அவர்கள் எதையும் உடைக்கவில்லை, திருடவில்லை. குழுவில் தொழில்முறைக் கடிகாரக் கைவினைஞர் ஒருவர் இருந்தார். நீங்கள் ஸ்ப்ரே டப்பாவோடு போகிறீர்கள் என்றால் உங்கள் கதை வேறு.

இதே கூட்டத்தாரின் சாகசங்களில் இன்னொன்றும் உண்டு. 2004-இல் ஷாயோ மாளிகைக்கு அடியில் பயிற்சிக்காக இறங்கிய போலீஸார், திரை, இருக்கைகள், மதுக்கூடம் எல்லாம் வைத்த முழுத் திரையரங்கு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வழியில் யாராவது வந்தால் நாய் குரைக்கும் ஒலிப்பதிவு வேறு. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மூன்று நாள் கழித்து ஆட்களோடு திரும்பினால், ஒயர்கள் அறுக்கப்பட்டிருந்தன. தரையில் 'தேடாதீர்கள்' என்று ஒரு சீட்டு. இந்தக் கதைகளைக் கேட்டுத்தான் பாதிப் பேர் உள்ளே போக ஆசைப்படுகிறார்கள். அதைச் செய்தவர்கள் வருடக்கணக்கில் அந்த இடங்களைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் என்பது மட்டும் யாருக்கும் ஞாபகத்தில் நிற்பதில்லை.

குவாரிக்குள் நிஜமான ஆபத்து எது? பேய், பிசாசு கதையெல்லாம் வேண்டாம்.

வழி தவறுவது. முதலிடம் அதற்குத்தான். 1793-இல் வால் த கிராஸ் மருத்துவமனையின் காவலாளி பிலிபேர் அஸ்பேர் தனியாக இறங்கினார், திரும்பவில்லை. உடல் கிடைத்தது 11 ஆண்டு கழித்து, 1804-இல். கிடைத்த இடத்திலேயே புதைத்தார்கள். கல்லறை இன்றும் இருக்கிறது. இது ஏதோ பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2017 ஜூனில் 16, 17 வயதுப் பையன்கள் இருவர் மூன்று நாள் இருட்டில் சிக்கிக்கொண்டார்கள். மோப்ப நாய்களை இறக்கித்தான் கண்டுபிடித்தார்கள். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்து போயிருந்தது.

நடு வெயில் காலத்தில் எப்படிக் குளிரும் என்று கேட்பீர்கள். மேலே 35 டிகிரி அடித்தாலும் கீழே எப்போதும் 14 டிகிரிதான். சும்மா நின்றால் இதமாக இருக்கும். ஆனால் பல இடங்களில் முழங்காலளவு, இடுப்பளவு தண்ணீர் நிற்கும். நனைந்த ஜீன்ஸோடு இருட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் அந்த 14 டிகிரியே உடம்பை உறிஞ்சிவிடும். போன் வேலை செய்யாது. தலைக்கு மேல் 20 மீட்டர் கல் இருக்கிறது. விளக்கின் பேட்டரி தீர்ந்தால் அங்கே கண் பழகும் இருட்டு கிடையாது. பழகுவதற்கு ஒரு பொட்டு வெளிச்சமாவது வேண்டுமே.

அடுத்தது மேற்கூரை. குவாரியின் கூரை ஒரே பாறை அல்ல, படலம் படலமாக அடுக்கிய கல். கீழ்ப்படலம் ஒன்று பிரிந்து விழும். அதற்கு மேலுள்ளது அப்புறம் விழும். விழ விழ, மணியைக் கவிழ்த்த மாதிரி ஒரு வெற்றிடம் உருவாகி மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் தெருவில் வந்து வாய் திறக்கும். இதற்குப் பிரெஞ்சில் ஃபோந்தி என்று பெயர். குவாரித் துறை 1777 முதல் எழுப்பி வரும் தாங்குசுவர்கள் எல்லாம் இதைத் தடுக்கத்தான். வழியை மறைக்கிறது என்று கத்தஃபில்கள் ஓட்டை போடும் சுவர் சில நேரம் அந்தத் தாங்குசுவராகவே இருக்கும். உள்ளே போகிறவன் தன் தலைக்கு மட்டுமல்ல, மேலே தூங்குகிறவன் தலைக்கும் சேர்த்து ஆபத்து வைக்கிறான். 1961 ஜூனில் பாரிஸை ஒட்டிய கிளாமார் பகுதியில் பழைய சுண்ணக் குவாரி ஒன்று இடிந்து, மேலிருந்த தெருக்களும் வீடுகளும் புதைந்து 21 பேர் இறந்தார்கள். அவர்களில் யாரும் சுரங்கம் சுற்றப் போனவர்கள் அல்ல.

மெட்ரோ சுரங்கம்? இரவில் ரயில் ஓடாதே.

பயணிகள் ரயில் ஓடாது. பராமரிப்பு வண்டி ஓடும். தண்டவாளத்தை ஒட்டிச் செல்லும் மின்பாதையில் 750 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். ரயில் நின்றுவிட்டது என்பதால் அதை அணைத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. சட்டமும் இங்கே விளையாடாது: ரயில் பாதைக்குள் அனுமதியின்றி நுழைந்தால் 6 மாதம் வரை சிறை, 3,750 யூரோ வரை அபராதம். குவாரி அபராதத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கழிவுநீர்ச் சுரங்கம் நல்ல அகலமாக, நடக்க வசதியாக இருக்கிறதே?

அகலமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மூன்றிலும் மோசமானது இது என்பது என் கணக்கு. மேலே எங்கோ மழை கொட்டினால் உங்களுக்குத் தெரியாது. தண்ணீர் வந்து சொல்லும். அடுத்து வாயு. 'கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளி விஷவாயு தாக்கி பலி' என்ற செய்தியைத் தமிழ்ப் பத்திரிகைகளில் வருடா வருடம் படிக்கிறோம். அதே ஹைட்ரஜன் சல்பைடுதான் இங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை' என்று நினைக்கும் கட்டத்தில்தான் ஆள் சரிவது. பிறகு காப்பாற்றக் குனிந்தவரும் சரிவார். பாரிஸ் மாநகராட்சி ஊழியர்கள் வாயு அளக்கும் கருவியோடு, குழுவாகத்தான் இறங்குகிறார்கள். எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, கீழே வேண்டாம். கட்டடத்தில் ஏறுவது பிரான்ஸில் குற்றமா?

'கட்டடம் ஏறுதல்' என்று பெயரிட்ட தனிக் குற்றம் கிடையாது. அதனால் தப்பிவிடலாம் என்று அர்த்தமில்லை. அரசு வழக்கறிஞர் கையில் வேறு பிரிவுகள் இருக்கின்றன. விழுந்தால் கீழே நடப்பவர்களுக்கும் ஆபத்து என்பதால், பிறர் உயிரை ஆபத்துக்குள்ளாக்கிய குற்றம் என்று எடுக்கலாம். ஓராண்டு வரை சிறை, 15,000 யூரோ வரை அபராதம். ஒருவர் குடியிருக்கும் இடத்துக்குள் அத்துமீறினால் இன்னும் கடுமை. 2023 ஜூலையில் வந்த சட்டம் அந்தத் தண்டனையை மூன்றாண்டுச் சிறை, 45,000 யூரோ வரை உயர்த்திவிட்டது. வீடுகளை ஆக்கிரமிப்பவர்களுக்காகக் கொண்டுவந்த சட்டம்தான். ஆனால் நிலா பார்க்க மொட்டைமாடி என்று நினைத்து நீங்கள் தாண்டிக் குதித்தது யாரோ ஒருவருடைய பால்கனி என்றால் அது உங்களுக்கும் பொருந்தக்கூடும்.

ஈபிள் கோபுரத்தில் ஏறினால் கதை வேகமாக நகரும். 2024 ஆகஸ்ட் 11, ஒலிம்பிக் நிறைவு நாளில் சட்டை போடாத ஒருவர் ஏறினார். சுற்றுலாப் பயணிகளை வெளியேற்றினார்கள், அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காவலில் 24 மணி நேரம் வைப்பது சாதாரணம்.

ஒரு பழைய வீட்டின் கூரையில் சும்மா உட்கார்ந்து போட்டோ எடுப்பதில் என்ன வந்துவிடப் போகிறது?

பாரிஸின் சாம்பல் நிறக் கூரைகள் பெரும்பாலும் துத்தநாகத் தகடு. அந்தக் கூரை போடும் கைத்தொழிலை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதைச் செய்யும் தொழிலாளிகளே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். தகடு வழவழப்பானது; காலையில் பனி படிந்திருந்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றினது போலத்தான். சரிவு ஓரத்தில் சடாரென்று செங்குத்தாக இறங்கும். புகைபோக்கியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். நூறு வருஷத்துச் செங்கல் உங்கள் எடையைத் தாங்க வேண்டும் என்று யாரும் அதைக் கட்டவில்லை. கூரைக் கண்ணாடி மேல் கால் வைத்துவிட்டால் நேரே யாருடைய சமையலறையிலாவது இறங்குவீர்கள்.

அலன் ரொபேர் மட்டும் எப்படி ஏறுகிறார்?

'பிரெஞ்சு ஸ்பைடர்மேன்' என்று ஊடகங்கள் கூப்பிடும் அலன் ரொபேர் 1962-இல் பிறந்தவர். 1996 கடைசி நாளில் ஈபிள் கோபுரம் ஏறினார். 2022 செப்டம்பரில், அறுபது வயதில், பாரிஸை ஒட்டிய லா தெஃபான்ஸ் பகுதியில் 187 மீட்டர் கோபுரம் ஒன்றில் ஏறினார். சின்ன வயதிலிருந்து பாறை ஏறிப் பழகியவர். இருபது வயதில் விழுந்து எலும்புகள் நொறுங்கி, தலைசுற்றல் நிரந்தரமாகத் தங்கிவிட்ட மனிதர். உலகம் முழுக்கக் கைதாகியிருக்கிறார். துபாயின் புர்ஜ் கலிஃபாவில் 2011-இல் ஏறியபோது, ஏற்பாட்டாளர்கள் கேட்டபடி கயிறும் பாதுகாப்புப் பட்டையும் மாட்டிக்கொண்டார். இந்தக் கடைசிச் செய்தி மட்டும் ரீல்ஸில் வராது.

சீனாவின் வூ யோங்நிங்கும் அதே மாதிரி வீடியோக்களால் பிரபலமானவர்தான். 2017 நவம்பரில் சாங்ஷா நகரில் 62 மாடிக் கட்டடத்தின் விளிம்பில் தொங்கி, மேலே ஏறி வர முடியாமல் விழுந்து இறந்தார். 26 வயது. அவருடைய வீடியோக்களை வெளியிட்ட நேரலைத் தளத்துக்கும் பொறுப்பு உண்டு என்று 2019-இல் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் சொன்னது. அம்மாவுக்குக் கிடைத்த நஷ்டஈடு 30,000 யுவான்.

லண்டனில் அத்துமீறல் வெறும் சிவில் விவகாரம்தானாமே?

பொதுவாக அப்படித்தான், ரயில் பாதை போன்ற சில இடங்கள் தவிர. அதனால் கட்டட உரிமையாளர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். முன்கூட்டியே உயர்நீதிமன்றத்தில் தடையாணை வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு ஏறினால் அது நீதிமன்ற அவமதிப்பு. 2019 ஜூலையில் ஷார்ட் கோபுரத்தில் கயிறில்லாமல் ஏறிய இளைஞருக்கு அந்த ஆண்டு அக்டோபரில் 6 மாதக் காவல் தண்டனை கிடைத்தது இந்த வழியில்தான்.

கூட வந்த நண்பன் விழுந்துவிட்டான். போலீஸ் வந்தால் மாட்டிக்கொள்வோமே, என்ன செய்வது?

உடனே அவசர உதவி எண் 112 அல்லது தீயணைப்புப் படையின் 18 அழையுங்கள். எங்கே இருக்கிறீர்கள், எப்படி உள்ளே வந்தீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். பொய் சொன்னால் அவர்கள் தப்பான மூடியைத் திறந்துகொண்டிருப்பார்கள். பாரிஸ் தீயணைப்புப் படை ராணுவப் பிரிவு. கயிறு கட்டி ஆழத்திலிருந்தும் உயரத்திலிருந்தும் மீட்பதற்கென்றே அவர்களிடம் தனி அணி உண்டு. சுரங்கத்துக்குள் போன் எடுக்காது, அதனால் ஒருவர் மேலே வந்துதான் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டே பேராகப் போயிருந்தால், அடிபட்டவனை இருட்டில் தனியே விட்டு வர வேண்டிய நிலைமை.

இதை இன்னும் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஆபத்தில் இருப்பவருக்கு, தனக்கு ஆபத்தில்லாமல் உதவ முடிந்தும் உதவாமல் போவது பிரான்ஸில் குற்றம். தண்டனை 5 ஆண்டு வரை சிறை, 75,000 யூரோ வரை அபராதம். 60 யூரோவுக்குப் பயந்து ஓடிப் போனவன் போய் நிற்கும் இடம் அது.

நான் மாணவன். இது வதிவிட அட்டையைப் பாதிக்குமா?

ஒரு சின்ன அபராதத்தால் அட்டை போய்விடாது. ரயில் பாதை, சேதம், அத்துமீறல் என்று தண்டனைப் பதிவு ஏற்பட்டால் புதுப்பிக்கும்போது 'பொது ஒழுங்கு' என்ற கேள்வி எழலாம். பிற்பாடு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறபோது காவல்துறைக் கோப்புகளையும் பார்ப்பார்கள். நீதிமன்றம் வரை போகாத சம்பவமும் அங்கே எழுதப்பட்டிருக்கலாம். ஊரில் கடன் வாங்கி அனுப்பிய அப்பா அம்மாவிடம் இதை எப்படி விளக்குவது என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு பற்றியும் கேட்கிறார்கள். பயணக் காப்பீட்டில் சட்டவிரோதச் செயலின்போது ஏற்பட்ட காயத்துக்குப் பணம் இல்லை என்ற விதி பரவலாக உண்டு. பாலிசியைப் படியுங்கள்.

சட்டப்படி பார்க்க என்னதான் வழி?

நிறைய இருக்கிறது. தாங்ஃபேர் ரொஷ்ரோ மெட்ரோ நிலையத்துக்கு எதிரே உள்ள, மண்டை ஓடுகள் அடுக்கிய எலும்புக் கிடங்கு எல்லாருக்கும் தெரிந்தது. அவ்வளவு தெரியாதது கொஷான் மருத்துவமனைக்கு அடியில் இருக்கும் கப்புசின் குவாரி. ஒரு தன்னார்வச் சங்கம் அதைப் பராமரித்து, முன்பதிவு செய்த குழுக்களைக் கூட்டிப் போகிறது. எலும்பு கிடையாது, கூட்டமும் கிடையாது. குவாரி எப்படி வேலை செய்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் இல்லை. கழிவுநீர்ச் சுரங்கத்துக்கு அல்மா பாலத்தருகே அருங்காட்சியகமே இருக்கிறது. புதுப்பித்து 2021-இல் திறந்தார்கள். நாற்றம் உண்டு, ஆபத்து இல்லை. செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் நடக்கும் மரபு தினங்களில் வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் பல கதவுகள் திறக்கும்.

ஏறித்தான் தீர வேண்டும் என்றால் ஈபிள் கோபுரத்தின் இரண்டாம் தளம் வரை 674 படி, காசு கொடுத்து ஏறலாம். வெற்றி வளைவின் மாடிக்கு 284 படி. உடம்பில் இன்னும் தெம்பு மிச்சமிருந்தால், ஊருக்குத் தெற்கே ஃபோந்தேன்புளோ காட்டில் உலகப் புகழ்பெற்ற ஏறுபாறைகள் இருக்கின்றன. யாரும் கைது செய்ய மாட்டார்கள்.

எலும்புக் கிடங்குக்கு வயதான அம்மாவையும் குழந்தைகளையும் கூட்டிப் போகலாமா?

இறங்க 131 படி, ஏற 112 படி. லிஃப்ட் இல்லை. முழங்கால் வலி இருக்கும் அம்மாவை மேலே ஒரு காப்பிக் கடையில் உட்கார வைத்துவிட்டுப் போவது நல்லது. குழந்தைகள் அவரவர் சுபாவத்தைப் பொறுத்து. சிலர் எண்ணிக்கொண்டே வருவார்கள், சிலர் ராத்திரி உங்கள் பக்கத்தில்தான் படுப்பார்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், வழுக்காத செருப்புப் போடுங்கள், டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள், அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கழிப்பறை கிடையாது, போய்விட்டு இறங்குங்கள்.